கணக்கு சரி, துணி எங்கே?

கல்யாணச் சமையலுக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தவர்களுக்கு இந்த முறை தெரியும். அண்டா 4, சாதக்கரண்டி 12, வாளி 10 என்று கடைக்காரர் சீட்டில் எழுதி, நம் கண்ணெதிரே எண்ணிக் கொடுப்பார். பந்தி முடிந்து எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு அதே சீட்டை வைத்துத் திரும்ப எண்ணுவார். ஒரு கரண்டி குறைந்தால் தேடல் தொடங்கும். பல நேரம் அது மீந்த சாம்பாரின் அடியில் கிடக்கும்.

ஆபரேஷன் தியேட்டரிலும் இதே முறைதான். கத்தி வைக்கும் முன் இரண்டு செவிலியர்கள் சேர்ந்து எண்ணுகிறார்கள். ஒருவர் ஸ்கரப் நர்ஸ். கிருமி நீக்கிய கவுனும் கையுறையும் போட்டு, மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவர். இன்னொருவர் மேசையைத் தொடாமல் வெளியே நின்று, கேட்டதைக் கொண்டுவந்து தருபவர். மாப் (வயிற்றுக்குள் வைக்கும் துணி), காஸ், ஊசி, கத்தரிக்கோல், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என ஒருவர் வாய்விட்டு எண்ண, மற்றவர் கண்ணால் பார்த்துப் பலகையில் எழுதுகிறார். நடுவில் புதுக் கட்டு பிரித்தால் அதையும் எண்ணிச் சேர்க்க வேண்டும். சிசேரியன் என்றால் கர்ப்பப்பையை மூடும் முன் ஒருமுறை, வயிற்றை மூடும் முன் ஒருமுறை, தோலைத் தைக்கும்போது ஒருமுறை. ஷிப்ட் மாறி வேறு நர்ஸ் வந்தால் அப்போதும் எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், நோயாளியை வெளியே அனுப்பும் முன் எண்ணிக்கை முடிந்ததை நர்ஸ் வாய்விட்டு உறுதிசெய்வது ஒரு படி.

இத்தனை தடவை எண்ணியும் வயிற்றுக்குள் பொருள் எப்படி நின்றுவிடுகிறது?

வயிற்றில் கத்தரிக்கோல் என்றால் செய்தித்தாளில் பெரிதாக வரும். எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும், படமும் போடலாம். ஆனால் அதிகம் தங்கிப்போவது துணிதான். மருத்துவர் அதுல் கவாண்டேயும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் சம்பவ அறிக்கைகளையும் ஆராய்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 54 நோயாளிகளின் உடலில் 61 பொருள்கள் தங்கியிருந்தன. அவற்றில் 69 சதவீதம் துணி.

சாம்பார் அண்டாவை இறக்கும்போது பிடிதுணி உள்ளே விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விழும்போது அது வெள்ளைத் துணி. கொஞ்ச நேரத்தில் சாம்பார் நிறம். கரண்டியில் தட்டினாலும் வெந்த பூசணித் துண்டு என்றே கை நினைக்கும். வயிற்றுக்குள் போகும் மாப்பும் அப்படித்தான். இரத்தத்தில் ஊறிச் சுருங்கி, பக்கத்திலிருக்கும் குடலின் நிறத்தையும் மென்மையையும் அது பெற்றுவிடுகிறது. அதோடு, குடலை ஒதுக்கிப் பிடிப்பதற்காகவே மருத்துவர் மாப்பை அதன் பின்னால் திணித்து வைக்கிறார். மறைவிடத்தில் இருப்பதே அதன் வேலை. இதற்காகத்தான் மாப்பின் மூலையில் நாடா தைத்திருக்கிறார்கள். அதன் நுனியில் ஒரு ஃபோர்செப்ஸை மாட்டி வெளியே தொங்கவிடலாம். துணிக்குள் பேரியம் கலந்த இழை ஒன்றும் ஓடுகிறது. எக்ஸ்ரேயில் துணி தெரியாது, இந்த இழை தெரியும். காயத்தின் மேல் கட்டுகிற சாதாரண காஸில் இந்த இழை இருக்காது. ஆகவே வயிற்றை மூடி முடிக்கும்வரை அது மேசைப் பக்கமே வரக் கூடாது.

அந்த 2003 ஆய்வில் என்னை மிகவும் உலுக்கிய தகவல் வேறொன்று. எண்ணிக்கை நடந்திருந்த கேஸ்களில் 88 சதவீதத்தில் கணக்கு சரி என்றே முடிந்திருந்தது. பொருள் உள்ளே, பலகையில் கணக்கு சரி. மேயோ கிளினிக்கில் 2003 முதல் 2006 வரை நடந்த அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்தபோதும், பொருள் தங்கியவற்றில் பாதிக்கு மேல், 62 சதவீதத்தில், எண்ணிக்கை பொருந்தியிருந்தது.

பாத்திரக் கணக்குக்கே போவோம். கடையிலிருந்து வந்த கட்டில் 12 கரண்டி என்று எழுதியிருக்கிறது, உண்மையில் 13 இருந்தது. யாரும் பிரித்து எண்ணவில்லை. ஒன்று சாம்பாரில் மூழ்கிவிட்டது. திரும்ப எண்ணும்போது சரியாக 12. அல்லது யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த கரண்டி குவியலில் சேர்ந்துவிட்டது. அல்லது ஒன்றை இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டால் சீட்டு பொருந்தும், கடைக்காரர் போய்விடுவார். தியேட்டரில் ஒட்டிக்கொண்ட இரண்டு மாப்புகள் ஒன்றாக எண்ணப்படலாம். கட்டில் ஒன்று கூடவோ குறையவோ இருக்கலாம். எண்ணிக்கை பிசகிய கட்டைத் திருத்தி எழுதிப் பயன்படுத்தக் கூடாது, முழுக் கட்டையும் வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. மாப்பை இரண்டாக வெட்டக் கூடாது என்பதும் அப்படியே.

கவாண்டேயின் ஆய்வின்படி, அவசர அறுவை சிகிச்சையில் பொருள் தங்கும் அபாயம் சுமார் 9 மடங்கு; நடுவில் திட்டம் மாறினால் சுமார் 4 மடங்கு. நூறு இலை என்று தொடங்கிய பந்தியில் திடீரென்று முந்நூறு பேர் வந்து நின்றால் கரண்டிக் கணக்கை யார் பார்ப்பது? விபத்தில் கல்லீரல் கிழிந்து வருபவருக்கு, இரத்தத்தை நிறுத்த வேண்டுமென்றே மாப்புகளை உள்ளே அடைத்து, வயிற்றை முழுதாகத் தைக்காமல் தற்காலிகமாக மூடி வைப்பதும் உண்டு. ஓரிரு நாள் கழித்துத் திரும்பத் திறந்து எடுப்பார்கள். அது உயிர்காக்கும் சிகிச்சை. ஆனால் எத்தனை வைத்தோம் என்பது கேஸ் ஷீட்டில் தெளிவாக இல்லையென்றால், அடுத்த முறை திறப்பவர் எத்தனையைத் தேடுவார்?

உள்ளே நின்ற பருத்தித் துணியை உடல் கரைக்காது. ஒன்று, கிருமி தொற்றிச் சீழ் பிடிக்கும். சில நாள்களிலேயே காய்ச்சலும் வலியும் வரும். அல்லது அதைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து உறை போட்டுவிடும். ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு ஒரு நாள் கட்டி என்று கைக்குத் தட்டுப்படும்.

1963 ஜூலையில் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, குழந்தை பிறந்து மூன்றாம் நாள் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார்கள். காய்ச்சலும் கடும் வலியும் கண்டது. ஜூலை 19-ல் வேறொரு மருத்துவர் வயிற்றைத் திறந்தபோது உள்ளே துணி கிடந்தது, சீழ் பிடித்திருந்தது. ஜூலை 24-ல் அந்தப் பெண் இறந்தார். கணவர் தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றம் 36,000 ரூபாய் இழப்பீடு தந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. வயிற்றுக்குள் துணி கிடந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி, அரசுதான் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு ஏறக்குறைய 33 ஆண்டுகள் ஆயின.

சரி, இதைத் தடுப்பது எப்படி? சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் வெர்னா கிப்ஸ் 2004-ல் தொடங்கிய இயக்கம் சொல்லும் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. எத்தனை என்று கேட்காதே, காட்டச் சொல். பத்து அறைகள் உள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, பயன்படுத்திய மாப்பை அறைக்கு ஒன்றாகப் போட வேண்டும். கடைசியில் எல்லா அறையும் நிறைந்திருப்பதை மருத்துவரும் நர்ஸும் சேர்ந்து பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஆணியில் பன்னிரண்டு கரண்டி மாட்டுகிற அடுக்களையில் காலி ஆணி தானாகக் கண்ணில் படும்; கூட்டல் கழித்தல் தேவையில்லை. மாப்பில் பார்கோடு ஒட்டுவது, ரேடியோ அலையில் கண்டுபிடிக்கும் சில்லு தைப்பது போன்ற வசதிகளும் வந்துவிட்டன. அவற்றுக்குப் பணம் வேண்டும். பைக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

ஆனால் எந்தப் பையும் ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது: "சார், ஒரு மாப் குறையுது." அதற்கு "நல்லா பாருங்க சிஸ்டர், உள்ளே ஒண்ணும் இல்ல" என்று பதில் வந்தால் முறை அங்கேயே உடைந்துவிடுகிறது. அனுபவம் குறைந்த ஒரு நர்ஸ் மூத்த மருத்துவரின் கையை நிறுத்தும் அதிகாரம் இதில் அடித்தளம். அவர் சொன்னதும் தையல் நிற்க வேண்டும். கையை விட்டுத் துழாவ வேண்டும். தரை, குப்பைக் கூடை, விரிப்பு மடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால், நோயாளியின் நிலைமை இடம்கொடுத்தால், மேசையிலேயே எக்ஸ்ரே. 10 மில்லிமீட்டருக்கும் சிறிய ஊசி அதிலும் தப்பலாம். மாப்பின் இழை பெரும்பாலும் தெரிந்துவிடும். எண்ண நேரமே கிடைக்காத அவசர கேஸ் என்றால், எண்ணிக்கைக்குப் பதிலாக எக்ஸ்ரே எடுப்பதே ஒழுங்கு.

நோயாளி மயக்கத்தில் இருப்பவர். இதில் எதையும் அவரால் கண்காணிக்க முடியாது. பிற்பாடு ஒன்று மட்டும் செய்யலாம். ஆபரேஷனுக்குப் பிறகு காரணம் புரியாத வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ஆறாத சீழ், புதிதாகத் தட்டுப்படும் கட்டி இருந்தால், எந்த ஆண்டு, எங்கே, என்ன ஆபரேஷன் நடந்தது என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய சிசேரியன் என்றாலும் சொல்ல வேண்டும். உறை போட்ட துணி ஸ்கேனில் புற்றுக்கட்டி போலத் தோன்றி ஏமாற்றக்கூடியது. பழைய ஆபரேஷன் பற்றித் தெரிந்தால் படம் பார்ப்பவர் அந்தப் பேரியம் இழையைத் தேடுவார்.