திராட்சையாகத் தவறிய சுருள்

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகும் பாதையில் ஒரு குடும்பத்தின் திராட்சைத் தோட்டம். ஒரே ஏக்கர்தான். சித்திரை மாதம், காலை ஏழு மணி இருக்கும். வெளியே அதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. குனிந்து பந்தலுக்குள் நுழைந்தால் வேப்பமர நிழல் மாதிரி குளுகுளுவென்று இருந்தது. தலைக்கு மேலே இலைக்கூரை. அதிலிருந்து பாதி பச்சையும் பாதி கறுப்புமாகக் குலைகள் தொங்கின.

ஆறாம் வகுப்பு முடித்திருந்த அந்த வீட்டுப் பெண் முக்காலி மேல் நின்று, கொடியிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிள்ளியதில் ஒன்று வாய்க்குள் போனது.

“என்ன பாப்பா அது?”

“சுருளு மாமா, புளிப்பா இருக்கும். இந்த ஓரக்கொடி மட்டும் வீட்டுக்குன்னு விட்டது, மருந்தடிக்க மாட்டோம். மத்ததுல வாய வச்சா தாத்தா முதுகுல வச்சிருவாரு.”

எனக்கும் ஒன்று கொடுத்தாள். புளியங்காயைக் கடித்த மாதிரி பல் கூசியது. அந்தப் புளிப்புக்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். ஏனென்றால் அடுத்து அவள் காட்டியதுதான் விசேஷம். ஒரு சுருள் இரண்டாகக் கிளைத்திருந்தது. ஒரு கிளை வழக்கம்போலப் பந்தல் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. மற்றதன் நுனியில் இரண்டே இரண்டு திராட்சை!

“சுருள்ல எப்படி மாமா காய் காய்க்கும்?”

உங்கள் பாடப்புத்தகத்தில் இந்தச் சுருளைப் ‘பற்றுக்கம்பி’ என்று போட்டிருப்பார்கள். பல செடிகளில் பூ எங்கே வரும்? இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில். திராட்சைக்கு அந்த வழக்கம் கிடையாது. அதன் குலை, இலைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் முளைக்கும். ஒரு தளிரைப் பிடித்து அடியிலிருந்து மேலே பாருங்கள். அடிப்பக்கத்து இலைகள் சிலவற்றுக்கு எதிரே குலை இருக்கும். அதற்கு மேலே போனால் அதே இடத்தில் சுருள் இருக்கும். குலையும் சுருளும் ஒரே மொட்டின் இரண்டு முகங்கள். பிறக்கும்போது அந்த மொட்டுக்குத் தான் என்ன ஆகப்போகிறோம் என்றே தெரியாது. கொடிக்குள் இருக்கும் வேதிப்பொருள்களும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நல்ல வெளிச்சமும் சூடும் கிடைத்தால் குலையாகும். நிழலில் மாட்டிக்கொண்டால் சுருளாகும். சில சமயம் பாதி வழியில் மனசு மாறி, அரைகுறையாக நின்றுவிடும். பாப்பா கையில் இருந்தது அந்த அரைகுறைதான்.

சுருள் பக்கம் தள்ளிவிடும் வேதிப்பொருளின் பெயர் ஜிப்ரலின். அதைக் கண்டுபிடித்த கதை நெல்வயலில் தொடங்கியது. ஜப்பானில் சில நெற்பயிர்கள் திடீரென்று நெடுநெடுவென வளர்ந்து, வெளிறி, சாய்ந்துவிடும். விவசாயிகள் அதற்கு ‘முட்டாள் நாற்று’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒன்றுதான் அப்படி வளரச் செய்கிறது என்று 1926-ல் எய்ச்சி குரோசாவா காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின். வேடிக்கை என்னவென்றால், விதையில்லாத திராட்சை பெரிதாகத் திரள இன்று விவசாயிகள் தெளிப்பதும் இதே ஜிப்ரலினைத்தான். மொட்டாக இருக்கும்போது குலையைச் சுருளாக்குவதும் இதுதான், குலையான பிறகு பழத்தை உப்ப வைப்பதும் இதுதான்.

மொட்டு என்றேனே, அது எங்கே இருக்கிறது? இலைக்காம்பின் மூலையில் மிளகு போல ஒரு புடைப்பு இருக்கும். ‘கண்’ என்பார்கள். அடுத்த தளிர், இலைக்கு எதிரே வரும் மொட்டோடு, இதற்குள்தான் இருக்கும். அதை நெடுக்காகக் கீறி நுண்ணோக்கியில் வைத்தால், அடுத்த போகத்துக் குலை குட்டியாக உட்கார்ந்திருப்பது தெரியும். இந்தச் சித்திரையில் பழம் பழுக்கும்போதே, அதே கொடியின் கண்களுக்குள் ஆவணியில் பறிக்கப்போகும் குலையின் கரு உருவாகி முடிந்திருக்கும்!

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் திராட்சை இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கும், வசந்தத்தில் விழிக்கும். ஆண்டுக்கு ஒரு அறுவடைதான். கம்பத்தில் ஏது பனி? இங்கே கொடிக்குக் கவாத்துக் கத்திரிதான் குளிர்காலம். பழம் பறித்தபின் கொடிகளை நான்கைந்து கண் விட்டு வெட்டிவிடுவார்கள். கண் விழித்துத் துளிர்க்கும், பூக்கும். வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். மார்கழி, தை வாக்கில் வெட்டினால் சித்திரையில் பறிக்கலாம். வைகாசியில் வெட்டினால் ஆவணியில் பறிக்கலாம். ஒரு தோட்டத்தில் பூ இருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறிப்பார்கள். அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்கத் திராட்சை கிடைக்கிறது. இந்தத் தாத்தாவும் தோட்டத்தை இரண்டாகப் பிரித்திருந்தார். கிழக்குப் பாதியில் பழம். மேற்குப் பாதி, கவாத்து முடிந்து இளந்துளிர்.

“கோடையில உங்களுக்கு என்ன தாத்தா வேலை?” என்று கேட்டேன்.

“அண்ணாந்து பாக்குறதுதான்” என்று கழுத்தைத் தடவிக்கொண்டார். “தரையப் பாருங்க தம்பி. காசு காசா வெயில் விழுகுதா? அம்புட்டு விழுந்தாப் போதும். அதுக்கு மேல விழுந்தா இலை பத்தாது, கொறஞ்சா கொடி இருட்டுல கெடக்குன்னு அர்த்தம்.”

எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான ஒளிமானி கிடையாது. வெயில்தான் பழத்தைப் பழுக்க வைக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பழத்தின் மேல் நேரடி வெயில் பட்டால் தோல் வெந்து சுருங்கிவிடும். சர்க்கரையைச் சமைப்பது இலை. சமைத்ததைக் காம்பு வழியாகக் குலைக்கு அனுப்புகிறது. பழம் பந்திக்கு உட்கார்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி, நிழலில் இருந்தாலே போதும். ஆனால் இலைக்கு மேல் இலை மூடினால், அடியில் இருக்கும் இலைகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. அவை சமைக்காமல் தின்னும் கூட்டமாகிவிடும். காற்றும் நுழையாது, பூஞ்சை வரும். கண்களில் வெளிச்சம் படாததால், வரப்போகும் குலைகளெல்லாம் சுருளாகும். அதனால்தான் தாத்தா பக்கத்துளிர்களைக் கிள்ளுகிறார், நீளும் நுனியை முறிக்கிறார். சுருளைக் கிள்ளும் வேலை பேத்திக்கு. விட்டால் சுருள் குலையையே சுற்றிப் பிடித்துப் பழத்தை நசுக்கும்.

சரி, புளிப்புக்கு வருவோம். சுருளிலும் பச்சைத் திராட்சையிலும் முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று மாலிக் அமிலம், ஆப்பிளில் இருப்பது. மற்றது டார்டாரிக் அமிலம். இதை அதிகமாகச் சேர்த்து வைக்கும் பழங்கள் மிகக் குறைவு. திராட்சை ஒன்று. இன்னொன்று நம் வீட்டு ஜாடியிலேயே இருக்கிறது: புளி! சுருளை மென்றதும் எனக்குப் புளியங்காய் நினைவு வந்தது சும்மா இல்லை. பழம் நிறம் மாறத் தொடங்கியதும், மாலிக் அமிலத்தை அது மூச்சுவிடுவதற்கு எரிபொருளாக எரிக்கிறது. வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக எரிக்கும். ஆகவே கோடைப் பழத்தில் புளிப்பு குறைவு. டார்டாரிக் அமிலம் அவ்வளவு எளிதில் எரியாது, அடியில் ஒரு மெல்லிய புளிப்பாகத் தங்கிவிடும். அது இல்லாவிட்டால் பன்னீர் திராட்சை வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

‘பன்னீர்’ என்ற பெயரும் சும்மா இல்லை. ரோஜா மணத்தில் ஜெரானியால் என்று ஒரு பொருள் உண்டு. இந்தத் திராட்சையின் வாசனையிலும் அது இருக்கிறது. உலகம் இந்த வகையை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் வைத்தவரின் மூக்குக்கு ஒரு சபாஷ் போடலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தாத்தா மேற்கு மலையை இரண்டு மூன்று தடவை பார்த்தார். மேகம் திரண்டிருந்தது. நமக்குக் கோடை மழை என்றால் கொண்டாட்டம், பழம் தொங்கும் தோட்டத்துக்கு அது கலக்கம். உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறது அல்லவா? உள்ளே சர்க்கரை அடர்த்தியாக இருப்பதால் வெளித்தண்ணீரை இழுக்கிறது. கொடியில் இருக்கும் பழமும் அப்படித்தான். வேர் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் ஏறும். ஓரளவுக்கு மேல் தோல் விரியாது, வெடித்துவிடும். வெடித்த பழத்துக்கு ஈயும் எறும்பும் பூஞ்சையும் சொல்லாமலே வந்துவிடும்.

மேற்குப் பாதியின் இளந்துளிருக்கு வேறு பயம், அடிச்சாம்பல் நோய். அதற்குத் தாத்தா ஒரு நீலக் கலவை தயார் செய்துகொண்டிருந்தார். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு கலந்த காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு. தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கினார். இரும்புப் பாத்திரம் கூடாது என்று பிளாஸ்டிக் டிரம். பிறகு ஒரு அரிவாளின் நுனியைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, கலவைக்குள் முக்கிக் கொஞ்ச நேரம் வைத்தார். எடுத்துப் பார்த்தால் நுனியில் செம்பு நிறம் படிந்திருந்தது.

“சுண்ணாம்பு பத்தல” என்றார். இன்னும் கொஞ்சம் சேர்த்தார். மறுபடி முக்கினார். இந்தத் தடவை அரிவாள் வெள்ளையாகவே வந்தது. சுண்ணாம்போடு சேராமல் செம்பு மிச்சமிருந்தால், இரும்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு செம்பை வெளியே தள்ளும். அதுதான் அரிவாளில் படிந்தது. அந்த மிச்சச் செம்பு இலையில் பட்டால் இலை கருகும். பள்ளி ஆய்வகத்தில் ‘இடப்பெயர்ச்சி வினை’ என்று ஒரு நாள் செய்து காட்டுவார்களே, அதேதான்.

இதற்குப் பெயர் போர்டோ கலவை. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் போகிறவர் வருகிறவரெல்லாம் பழம் பறித்தார்கள். திருட்டைத் தடுக்க, பார்த்தாலே பயமாக இருக்கட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளில் பூசினார்கள் தோட்டக்காரர்கள். 1882-ல் அந்த வழியாகப் போன தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, நோயால் மற்ற கொடிகள் இலையுதிர்த்து நிற்க, பூசிய கொடிகள் மட்டும் பச்சையாக இருப்பதைக் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். திருடர்களுக்கு வைத்த பொறியில் பூஞ்சை மாட்டியது!

அன்று மழை வரவில்லை. பழுத்த குலைகளைக் கத்திரித்துப் பெட்டியில் அடுக்கினார்கள். மாங்காயைப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கலாம். திராட்சையிடம் அது நடக்காது, பறித்த நிமிடத்தோடு பழுப்பது நின்றுவிடும். பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் இருந்தது. மருந்து என்று நினைத்துத் துடைக்கப் போனேன். பாப்பா சிரித்தாள். அது பழமே தன் மேல் பூசிக்கொள்ளும் மெழுகு. ஈரம் வெளியேறாமல் காக்கும். கை பட்டால் அழிந்துவிடும். ஆகவே மெழுகு கலையாத குலைதான் கை படாத குலை. அதற்காகக் கடையில் வாங்கியதைக் கழுவாமல் தின்றுவிடாதீர்கள்!

உங்கள் வீட்டில் திராட்சைப் பந்தல் இருக்காது. பாகல், பீர்க்கு, சுரை இருக்கும், அல்லது வேலியில் கோவைக்கொடியாவது இருக்கும். நுனி எதையாவது பிடித்துக்கொண்ட ஒரு பற்றுக்கம்பியைத் தேடுங்கள். அது ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். உற்றுப் பார்த்தால், பாதி தூரம் ஒரு பக்கமாகச் சுற்றி, நடுவில் சட்டென்று திரும்பி, மீதியை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். இரண்டு முனையும் கட்டுண்ட கம்பி ஒரே பக்கமாகச் சுருள முடியாது, முறுக்கிக்கொள்ளும். இதைச் சார்லஸ் டார்வினும் உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். வலச்சுற்று எத்தனை, இடச்சுற்று எத்தனை என்று எண்ணுங்கள். கொடியின் பெயரோடு ஒரு அஞ்சலட்டையில் எழுதி எனக்குப் போடுங்கள்.