கூரை திறந்தால் காணாமல் போகும் பேஸ்

கலிபோர்னியாவில் பணியாற்றிய ஆண்டுகளில் என் நெடுநாள் ஆசையொன்றை நிறைவேற்றிக்கொண்டேன். கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய, இரண்டே இருக்கைகள் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு புதிர் எதிர்ப்பட்டது. வீட்டு வாசலில், கூரையை மூடிக்கொண்டு ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்டபோது, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எழுப்பிய ஆழ்ந்த ஒலி நெஞ்சில் வந்து படிந்தது. அதே பதிவை மறுநாள் கூரையைத் திறந்துகொண்டு நெடுஞ்சாலையில் கேட்டேன். வலந்தலையின் சொற்கள் தெளிவாகக் கேட்டன, தொப்பியைக் காணவில்லை. வித்வான் ஒரு கையால் மட்டுமே வாசிப்பதுபோல் இருந்தது.

கார்களுக்கு ஒலிக்கருவி பொருத்தித் தரும் கடையொன்றுக்குச் சென்றேன். பேஸ் குறைகிறதா, வாட் போதவில்லை என்றார்கள். டிக்கியில் பெரியதொரு சப்-ஊஃபரும் அதற்கு 500 வாட் ஆம்ப்ளிஃபயரும் இடம்பிடித்தன. கூரை மூடியிருக்கும்போது டிக்கியின் தகடுகள் கடகடத்தன. கூரை திறந்திருக்கும்போது அந்தக் கடகடப்புகூடக் கேட்கவில்லை. நான் ஒலியளவைக் கூட்டினேன், மீண்டும் கூட்டினேன். கடற்கரைச் சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டிய ஒருநாள், இரவில் வீடு திரும்பிய பிறகும் காதுக்குள் ரீங்காரம் நிற்கவில்லை. செவித்திறன் பரிசோதனையின் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் தெரிந்தது. இரைச்சலால் பாதிக்கப்பட்ட காதுகளில் வழக்கமாகத் தெரியும் பள்ளம் அது. எந்த ஒலியைத் தேடிப் போனேனோ அது கிடைக்கவில்லை. இருந்த செவித்திறனில் ஒரு பகுதி போயிற்று. அதன் பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: காருக்குள் பேஸ் எங்கிருந்து வருகிறது?

மூடிய காற்றின் கொடை

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் பயணிக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ எட்டரை மீட்டருக்கும் அதிகம். சிறிய காரின் உட்பகுதி இரண்டு, இரண்டரை மீட்டர் நீளம் இருந்தாலே பெரிது. அவ்வளவு நீண்ட அலை அதற்குள் முழுமையாக விரிவதற்கு இடமே இல்லை. அப்போது ஸ்பீக்கரின் கூம்பு, மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் பிஸ்டனைப்போல் காருக்குள் இருக்கும் காற்றை மொத்தமாக அழுத்தவும் தளர்த்தவும் செய்கிறது. அந்த அழுத்த மாற்றம் செவிப்பறையை நேராகச் சென்றடைகிறது. ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக, மூடிய கார் இந்தவகையில் ஒலிக்கு வலுச் சேர்த்துக்கொண்டே செல்கிறது. அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் கோட்பாட்டளவில் 12 டெசிபல் வரை இந்த ஆதாயம் கிடைக்கும். சாதாரண காரில் சிறிய ஸ்பீக்கர்கூடக் கனத்த ஒலியைத் தருவதற்கு இதுவே காரணம்.

கூரையைத் திறந்ததும் அந்தப் பாத்திரத்தின் மூடி போய்விடுகிறது. அழுத்தம் நிலைப்பதற்குச் சுவரே இல்லை; கூம்பு தள்ளிய காற்று வானத்துக்குச் செல்கிறது. துணிக்கூரை மூடியிருக்கும்போதுகூட இரும்புக் கூரையளவுக்குத் தாழ்ந்த ஒலியை அது தேக்கி வைப்பதில்லை. என் காரில் ‘காணாமல் போன’ தொப்பி ஒலி, ஸ்பீக்கரிலிருந்து வழக்கம்போல் வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பெருக்கித் தந்த கூரைதான் இல்லாமல் போனது.

இழப்பு இத்தோடு முடிவதில்லை. மனிதச் செவி எல்லா ஒலிகளையும் சமமாகக் கேட்பதில்லை என்பதை 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இன்றைய பன்னாட்டுத் தர அளவீடுகளின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக உள்ள ஒலிக்கு நிகராக 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால், அது 70 டெசிபலுக்கும் மேல் இருக்க வேண்டும். தாழ்ந்த ஒலி இயல்பிலேயே அதிக ஆற்றலைக் கோருவது. அதோடு, திறந்த காரில் காற்றும் டயரும் எழுப்பும் இரைச்சலின் பெரும்பகுதியும் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே இருக்கிறது. ஒரே பகுதியில் இரண்டு ஒலிகள் மோதினால் வலியது மெலியதை மறைத்துவிடும். வலந்தலையின் ஒலி தப்பிப் பிழைத்ததும் தொப்பி மூழ்கிப்போனதும் இதனால்தான்.

வாட் என்னும் மாயை

அப்படியானால் ஆற்றலைக் கூட்டி ஈடுகட்ட முடியாதா? கணக்கைப் பாருங்கள். ஒலி 3 டெசிபல் உயர ஆற்றல் இருமடங்காக வேண்டும். 10 டெசிபல் உயரப் பத்து மடங்காக வேண்டும். அந்தப் பத்து மடங்கு ஆற்றலும் நம் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு ஒலியாகவே தோன்றும். ஆம்ப்ளிஃபயர் தாங்கினாலும் கூம்பு தாங்க வேண்டும். 80 ஹெர்ட்ஸில் எழுப்பிய அதே ஒலியளவை 40 ஹெர்ட்ஸில் எழுப்ப, கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் அது இசையை எழுப்பாது, தன்னையே கிழித்துக்கொள்ளும்.

அதற்கு முன்பே நம் காது கிழிபடத் தொடங்கியிருக்கும். உலக சுகாதார நிறுவனம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதைப் பாதுகாப்பான வரம்பாகக் கொள்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகிறது: 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10, 89-க்கு 5. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில், கூரையும் கண்ணாடிகளும் திறந்திருக்க, இசையை முழுவதும் நிறுத்திவிட்டு என் கைபேசிச் செயலியில் அளந்தேன். 86-க்கும் 89-க்கும் இடையே முள் ஆடியது. கைபேசி துல்லியமான கருவியன்று. ஆயினும் உண்மை விளங்கியது. பாடல் தொடங்குவதற்கு முன்பே என் காதின் கணக்கில் பெரும்பகுதி செலவாகியிருந்தது. பேஸுக்காக ஒலியளவைக் கூட்டியபோது, காதைக் கூடுதலாகப் பாதிக்கும் உயர்ந்த அதிர்வெண்களும் சேர்ந்தே உயர்ந்தன. தாழ்ந்த ஒலியைத் துரத்தி உயர்ந்த ஒலியைக் கேட்கும் திறனை இழந்தது இப்படித்தான்.

ஹெட்போன் அணிந்துகொள்ளலாமே என்று தோன்றலாம். வாகனம் ஓட்டுகையில் இரு காதுகளையும் ஹெட்போனால் அடைப்பதைக் கலிபோர்னியச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆம்புலன்ஸின் ஒலி ஓட்டுநருக்குக் கேட்டாக வேண்டும். அதே சட்டத்தொகுப்பு, காரின் இசை 50 அடிக்கு அப்பால் கேட்கும்படி ஒலிக்கவிடுவதையும் தடைசெய்கிறது. கூரையற்ற காரில் இந்த வரம்பை மீறுவது மிக எளிது. நமக்குக் கேட்காத பேஸ், சாலையோர வீட்டில் உறங்கும் குழந்தைக்குக் கேட்கும்.

கூட்டுவதற்கு முன் குறைத்தல்

பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பாலானவை விலை குறைந்தவை.

முதலில் இரைச்சலைக் குறைத்தேன். பக்கக் கண்ணாடிகளை உயர்த்தி, இருக்கைகளுக்குப் பின்னே காற்றுத் தடுப்பு வலையொன்றைப் பொருத்தினேன். பின்னிருந்து சுழன்று வந்து கழுத்தில் மோதும் காற்று அடங்கியது. செயலியின் முள் நான்கைந்து டெசிபல் இறங்கியது. காதுக்குக் கிடைக்கும் நேரத்தை இருமடங்குக்கு மேல் நீட்டித்த இந்த மாற்றம், ஆம்ப்ளிஃபயரின் விலையில் சிறு பங்குகூட இல்லை.

இரண்டாவதாக, கதவுகளை அடைத்தேன். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் காற்றை இழுக்கிறது. கதவின் உட்தகட்டில் உள்ள துளைகள் வழியே பின்பக்க அலை வெளியேறி முன்பக்க அலையைச் சந்தித்தால், தாழ்ந்த ஒலியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பியூட்டைல் ரப்பர் தாள்களால் அத்துளைகளை மூடியதும், இருந்த ஸ்பீக்கர்களே புதியவைபோல் ஒலித்தன. மழைநீர் வடிவதற்காகக் கதவின் அடியில் உள்ள துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது.

மூன்றாவது சோதனைக்குச் செலவே இல்லை. சப்-ஊஃபருக்குச் செல்லும் இரு கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்திக் கேட்க வேண்டும். கதவு ஸ்பீக்கர்கள் காற்றைத் தள்ளும் நேரத்தில் சப்-ஊஃபர் இழுத்துக்கொண்டிருந்தால், பேஸ் பிறந்த இடத்திலேயே மடிந்துவிடும். எந்த இணைப்பில் ஒலி நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரியானது. என் காரில் கடைக்காரர்கள் கொடுத்திருந்த இணைப்பு தலைகீழாக இருந்தது.

நான்காவதே முதன்மையானது. ஒலியை அருகில் கொண்டுவந்தேன். என் காரில் டிக்கிக்கும் இருக்கைக்கும் இடையே இரும்புத் தடுப்புச் சுவர் உண்டு. அதற்கு அப்பால் எவ்வளவு ஒலி எழுப்பினாலும் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். இரண்டு மீட்டர் தொலைவு அரை மீட்டராகச் சுருங்கினால் ஆதாயம் 12 டெசிபல். ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு அதே ஆதாயத்தைப் பெற 16 மடங்கு வாட் தேவை. பெரிய பெட்டியை அகற்றிவிட்டு, எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட சிறிய மூடிய பெட்டியை இருக்கைக்குப் பின்னால் உறுதியாகப் பிணைத்தேன்.

திறந்த கார்களை வடிவமைப்பவர்கள் இவ்வழியை முன்பே அறிந்திருக்கிறார்கள். 1989-இல் சிகாகோவில் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையிலேயே, தலைசாய்ப்பானுக்குள் ஸ்பீக்கர் பொருத்தும் வசதி இருந்தது. அந்தச் சிறிய கூம்புகளால் பேஸ் தர இயலாது; ஆனால் குரலைக் காதருகே கொண்டுவந்துவிடுவதால் மொத்த ஒலியளவைக் குறைத்துவைக்க முடிகிறது.

ஐந்தாவதாக, இருக்கையின் அடியில் பொருத்தும் அதிர்வுக் கருவி. இது காற்றை அசைப்பதில்லை, இருக்கையை அசைக்கிறது. மிகத் தாழ்ந்த ஒலியை நாம் உடலாலும் உணர்கிறோம் என்பதால், முதுகில் படும் மெல்லிய அதிர்வு பேஸின் இடத்தைப் பெருமளவு நிரப்புகிறது. கூரை திறந்திருந்தாலும் இது குறைவதில்லை. தெருவில் யாருக்கும் கேட்பதுமில்லை.

கடைசியாக, ஆசையின் அளவைத் திருத்திக்கொண்டேன். திறந்த காரில் 30 ஹெர்ட்ஸைத் துரத்துவது வீண். 60 ஹெர்ட்ஸிலிருந்து மேலே சீராக ஒலித்தால் போதும். எஞ்சியதை மூளை பார்த்துக்கொள்ளும். பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்துவதில்லை. ஆணின் குரலுக்கு அடிப்படையான அதிர்வெண்ணோ 100-ஐ ஒட்டியது. ஆயினும் தொலைபேசியில் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்டது. மேலுள்ள இசைவெண்களைக் கொண்டு, இல்லாத அடிப்படை ஒலியைச் செவியும் மூளையும் ஊகித்துக்கொள்கின்றன. ஆகவே ஈக்வலைசரில் 40 ஹெர்ட்ஸைத் தூக்குவதை விட்டுவிட்டு, 80 முதல் 120 வரையுள்ள பகுதியைச் சற்றே உயர்த்தினேன். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் செல்லாதபடி வடிகட்டியும் வைத்தேன். அவற்றின் திணறல் நின்றது, தெளிவு கூடியது.

இவ்வளவுக்கும் பிறகு, நெடுஞ்சாலையில் தொப்பி ஒலி முழுவதும் திரும்பிவிட்டதா என்றால், இல்லை. ஏறத்தாழ முக்கால் பங்கு திரும்பியது. ஊருக்குள் மெதுவாகச் செல்கையில் நிறைவாகவே கேட்கிறது. மிச்சம் வானத்துக்கு உரியது என்று விட்டுவிட்டேன். கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு கூரை தரும் பலனையும் கேட்பது நியாயமில்லையே.

ஒலிக்கருவிக் கடைகள் வாட் கணக்கில் விற்கின்றன. ஏனெனில் அது அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடக்கூடிய எண். தொலைவும் துளையும் இரைச்சலும் எந்தப் பெட்டியிலும் அச்சாவதில்லை. எனவே பேஸ் போதவில்லை என்று தோன்றும் எவரும், பணப்பையைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும்: எந்த இரைச்சல் அதை மறைக்கிறது? எந்த வழியாக அது கசிகிறது? எவ்வளவு தொலைவிலிருந்து அது வருகிறது? இந்த மூன்றுக்கும் விடை கண்ட பிறகும் குறை இருந்தால், அப்போது வாட்டைப் பற்றி யோசிக்கலாம்.

கருவியைக் கழற்றலாம், மாற்றலாம், விற்கலாம். என் செவித்திறன் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே விழுந்த பள்ளத்தை நிரப்பும் பொருள் எந்தக் கடையிலும் இல்லை. இப்போது நெடும்பயணத்தின் நடுவே, கடல் தெரியும் திருப்பங்களில் காரை நிறுத்துகிறேன், எஞ்சினை அணைக்கிறேன். காற்று ஓய்ந்த அந்தச் சில நிமிடங்களில், பாதி ஒலியளவில், வித்வான் இரண்டு கைகளாலும் வாசிக்கிறார்.