ஃபார்முலா ஒன்: செலவுக்கு ஒரு கடிவாளம்

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு வருமானம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது: பந்தயத்தை நடத்துவோர் கட்டும் கட்டணம், ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர் பணம். அதில் ஒரு பங்கு பரிசுப் பணமாக அணிகளுக்குப் போகிறது. செலவுக்குத்தான் நெடுங்காலம் எல்லையே இல்லாமல் இருந்தது. பெரிய கார் நிறுவனங்களே திணறின. உலகப் பொருளாதார நெருக்கடியால் 2008 டிசம்பரில் ஹோண்டா விலகியது. ராஸ் பிரான் தலைமையிலான நிர்வாகக் குழு அந்த அணியை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. மறு ஆண்டே ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டையும் அது வென்றது வேறு கதை.

2021இல்தான் செலவுக்கு உச்சவரம்பு வந்தது: அந்த ஆண்டு அணி ஒன்றுக்கு 14.5 கோடி டாலர். ஓட்டுநர் சம்பளமும் விளம்பரச் செலவும் இந்தக் கணக்கில் சேராது. சற்றே பெரிய விதிவிலக்குதான். முதல் ஆண்டிலேயே வரம்பைத் தாண்டிய ரெட்புல் அணிக்கு 70 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. கூடவே, கார் மீது காற்று பாயும் விதத்தை ஆராயும் சோதனைகளிலும் 10 சதவீதம் வெட்டப்பட்டது. பணம் புரளும் அணிக்கு இந்த இரண்டாவது தண்டனையே கடுமையானது.