ஒகேனக்கல்லில் ஓ.கே.!

ஊர்ப் பெயரிலேயே ‘ஓ.கே.’ வைத்துக்கொண்டிருக்கும் ஊர் எங்கேயாவது உண்டா? ஏன் இல்லை? தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோ மீட்டர் தூரத்தில், காவிரிக் கரையில் இருக்கிறதே, ஒகேனக்கல்!

பொருத்தம் என்னவோ தற்செயல்தான். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்லு’ என்றால் கல். அருவி விழும் வேகத்தில் எழும் நீர்த்திவலைகளால் பாறையே புகைவது போலத் தோன்றுவதால் ‘புகையும் கல்’ என்று பெயர். அமெரிக்க ‘ஓ.கே.’க்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அந்த ஓ.கே. பிறந்த கதையும் ஒரு தமாஷ்தான். 1830-களின் கடைசியில் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. வேண்டுமென்றே பிழையாக எழுதி, முதல் எழுத்துக்களை மட்டும் சுருக்கிப் போடுவார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ என்று கொலை செய்து, ‘ஓ.கே.’ ஆக்கினார்கள். 1839 மார்ச் 23-ஆம் தேதி ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ பத்திரிகையில் அது அச்சேறியது.

மறு வருஷம் ஜனாதிபதித் தேர்தல். பதவியிலிருந்த மார்ட்டின் வான் ப்யூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹுக். ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்ற செல்லப் பெயரின் சுருக்கமும் ஓ.கே.! ஆதரவாளர்கள் அதையே கோஷமாக்கினார்கள். அவர் தோற்றார், வார்த்தை ஜெயித்தது! இந்த வம்சாவளியைத் துப்புத் துலக்கி 1963, 64-ஆம் வருஷங்களில் வெளியிட்டவர், ஆலன் வாக்கர் ரீட் என்ற ஆங்கிலப் பேராசிரியர்.

ஆக, ஓ.கே. என்றால் ‘பார்த்துவிட்டேன், எல்லாம் சரி’ என்று அர்த்தம். நாமோ பார்க்காமலே சொல்கிறோம். காப்பி எப்படி? ஓ.கே. பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா? ஓ.கே. ‘ஓ...கே’ என்று இழுத்தால் மட்டும், பிடிக்கவில்லை என்று பொருள்!

ஒகேனக்கல் பரிசல் துறையில் இந்த விளையாட்டு செல்லாது. அங்கே வானம் பளிச்சென்று இருக்கும். குடகில் கொட்டிய மழையும், கர்நாடக அணைகளில் திறந்த தண்ணீரும் சேர்ந்து திடீரென்று ஆற்றை நிரப்பிவிடும். எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று அளக்கிறார்கள். வரத்து அதிகமானால், குளிப்பதற்கும் பரிசல் விடுவதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும்.

தூரத்திலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்தவர்களுக்கு மனசு கேட்குமா?

“ஒரே ஒரு சுத்துதானே அண்ணே, ஓ.கே. சொல்லுங்களேன்!”

“தடை எடுக்கட்டும் சார். அப்புறம் நானே கூப்பிடறேன்.”

இப்படிச் சொல்வதால் பரிசல்காரருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை, அன்றையக் கூலிதான் போகிறது. தண்ணீர் வடியப் பல நாள் ஆனால், அத்தனை நாளும் அவர் வீட்டு அடுப்புக்குத்தான் சோதனை. வருகிறவர்களுக்கு அது ஒரு நாள் ஏமாற்றம். ஆனாலும், மூங்கில் பின்னலுக்கும் பாறைக்கும் நடுவே இருப்பது மனித உயிர் அல்லவா!

யோசித்துப் பார்த்தால், பாஸ்டன்காரர்களுக்கு முன்பே நம்மிடம் இதற்கு நல்ல வார்த்தை இருக்கிறது: ‘சரி’. அதற்குள்ளேயே ‘சரிபார்’ என்ற எச்சரிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் சரிபார்ப்போம், பிறகு சரி சொல்வோம்.

என்ன, ஓ.கே.தானே?