வெள்ளியங்கிரியில் மழை பிடித்தால்

வெள்ளியங்கிரிக்கு முதல்முறை என்னோடு வருகிறவர்களிடம் நான் சொல்வது, "ஸ்வெட்டரும் மாற்றுச் சட்டையும் எடுத்துக்குங்க." மே மாதக் கோயம்புத்தூரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆறாவது மலைக்கு வந்ததும் பையைத் துழாவுவார்கள்.

பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை. ஒரு வழிக்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர். பிப்ரவரி முதல் மே வரைதான் பக்தர்களை ஏறவிடுவது வழக்கம். பருவக் கடைசியில் கோடை மழை பிடித்துக்கொள்ளும். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் ராத்திரியில் ஏறுவதால், மழையோடு இருட்டும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்.

முதல் மலை செங்குத்தான கல்படிகள். அங்கேயே சட்டை வியர்வையில் தொப்பலாகிவிடும். அது பின்னால் வேலையைக் காட்டும். 1,000 மீட்டர் உயரம் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. உச்சியோ 1,700 மீட்டருக்கும் மேலே. மேல் மலைகளில் மரங்களின் மறைவு போய்ப் புல்வெளி வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய மலை என்பதால் காற்று ஆளையே தள்ளும். ஈரத்துணியில் அந்தக் காற்று பட்டால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். பருத்திச் சட்டை என்றால் காயவே காயாது.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். எங்களோடு வந்த பையன் ஒருவனுக்குப் பல் தந்தியடித்தது. டார்ச் பட்டனை அழுத்த விரல் மடங்கவில்லை. பேரைக் கேட்டால் நாக்கு குழறியது. சுக்குக் காபி விற்றவர்தான் முதலில் கவனித்தார்: "ஏனுங்ணா, தம்பிக்கு ஈரத்தைக் கழட்டிவிடுங்க, காபி அப்புறம் குடிக்கட்டும்." உலர்ந்த சட்டை, கம்பளி, தலைக்குத் துண்டு, பிறகு இனிப்பான சுடு காபி. கொஞ்ச நேரத்தில் பேச்சு தெளிந்தது. சூடு ஏறாமலேயே நடுக்கம் மட்டும் நின்றுபோனால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். உடனே உதவி கேட்க வேண்டும்.

இடி கேட்டால் புல்வெளியில் நிற்கவோ தனிமரத்தடியில் ஒதுங்கவோ கூடாது. திரும்பி இறங்க வேண்டும். இறங்கும்போது வழுக்குப்பாறை தன் பேரைக் காப்பாற்றும். மூங்கில் தடியை முன்னால் ஊன்றி, அது நின்ற பிறகே காலை வைக்க வேண்டும். பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

குளிர் ஏற ஏறப் புத்தி மழுங்கும். 'இன்னும் ஒரு மலைதானே' என்று தோன்றுவது அப்போதுதான். அதனால் எந்த நிலை வந்தால் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே பேசி முடித்துவிடுகிறோம்: கூட்டத்தில் ஒருவருக்கு நாக்கு குழறினாலும் சரி, இடி இடித்தாலும் சரி, எல்லோரும் இறங்க வேண்டும். மேலே போய் ஓட்டெடுப்பு கிடையாது.