வயிற்று முடியை நக்கியே இழக்கும் பூனை: சொறியா, மனஅழுத்தமா?

கற்பிட்டியிலிருந்து முந்தல், உடப்பு வரை எங்கள் கரையோர ஊர்களில் பூனை வந்துபோகாத வீடு குறைவு. அதில் ஒன்றுக்கு வயிற்றிலோ பின்தொடையிலோ முடி போய் வெறும் தோல் தெரிந்தால் ஊர் அதற்கு வைக்கும் பெயர் ஒன்றுதான்: சொறி. அடுத்து மண்ணெண்ணெய் அல்லது பழைய எஞ்சின் ஒயில் பூசுவார்கள். அதற்கும் சரிவராவிட்டால் சாக்கில் போட்டுக்கொண்டு போய் ஏதாவது மீன் வாடிப் பக்கம் விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பெட்டைப் பூனைக்கும் அந்தத் தீர்ப்பு கிட்டத்தட்ட எழுதப்பட்டாயிற்று. "பச்சப் புள்ள இருக்கிற வீடு. சொறிப் பூனைய வச்சிக்கொண்டு இருக்க ஏலாது" என்றார் உம்மா. அவருடைய பயம் வெறும் பயமல்ல. பூனையின் படர்தாமரை பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது. ஆகவே அது படர்தாமரைதானா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

முடி தானாக உதிர்கிறதா, பூனையே நக்கி அறுக்கிறதா என்பது முதல் கேள்வி. பூனையின் நாக்கில் பின்நோக்கி வளைந்த சிறு முட்கள் உண்டு. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்கினால் அவை முடியை ஒடித்துவிடும். அந்த இடத்தில் விரலை எதிர்ப்பக்கமாக ஓட்டினால் சவரம் செய்து இரண்டு நாளான தாடை போலச் சொரசொரப்பாக இருக்கும். மிருக வைத்தியர் நாலு முடியைப் பிடுங்கி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். நுனி ஒடிந்திருந்தால் நாக்கின் வேலை, கூராக இருந்தால் வேறு நோய். நாக்கு எட்டாத தலையிலும் பிடரியிலும் முடி போயிருந்தால் நக்குதலை மட்டும் சந்தேகிக்கக் கூடாது. பல பூனைகள் ஆள் பார்க்காத நேரத்தில்தான் நக்கும். "நான் ஒருநாளும் காணவில்லையே" என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

நக்குகிறது என்று தெரிந்தவுடனே "மனஅழுத்தம்" என்று முடிவுகட்டுவது படித்தவர்கள் செய்யும் அவசரம். 2006இல் அமெரிக்க மிருக வைத்தியச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. மனக்காரணத்தால் முடி இழந்தவை என்று கருதி அனுப்பப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடல்நோய்தான் காரணம். 3 பூனைகளுக்கு இரண்டும் கலந்திருந்தன. மனக்காரணம் மட்டும் என்று சொல்லக்கூடியவை 2.

உடல் காரணங்களில் எங்கள் பக்கத்தில் முதலாவதாகப் பார்க்க வேண்டியது தெள்ளு. ஈரமும் வெப்பமும் சேர்ந்த கரையோரம் அதற்கு வருடம் முழுவதும் சுகமான இடம். பூனையில் நாம் காண்பது வளர்ந்த தெள்ளு மட்டும். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் மெத்தையிலும் தரை வெடிப்பிலும் கிடக்கின்றன. ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும். இன்னொன்று, அதிகம் நக்கும் பூனை தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் "தெள்ளே இல்லை" என்பது போலத் தோன்றும். நெருக்கமான சீப்பால் சீவி, விழும் கறுப்புத் துகள்களை நனைந்த வெள்ளைக் கடதாசியில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். எங்கள் பூனையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடதாசியில் தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு, பிறகு சாவு. மண்ணெண்ணெயும் ஒயிலும் அப்படித்தான், பூசியதை எல்லாம் பூனை நக்கி விழுங்கும். வலிக்கிறதே என்று பரசிற்றமோல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லும்.

இரண்டாவது காரணம் எங்கள் ஊருக்குச் சிரிப்பு வரவைக்கும்: மீன். பூனைகளுக்கு உணவு ஒவ்வாமை தருபவற்றில் மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றும் முன்வரிசையில் நிற்கின்றன. மேலே சொன்ன 21 பூனைகளில் 12க்கு உணவு ஒவ்வாமை இருந்தது. காலையில் சூடை, இரவில் கருவாட்டுத் தலை என்று வளர்ந்த பூனையில் இதைச் சோதிக்க, அது முன்பு தின்னாத ஒரு புரத உணவை மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். வெளியே போய் வாடியில் தின்றுவரும் பூனைக்கு இது லேசான காரியமல்ல. அடிவயிற்றை மட்டும் நக்கினால் சிறுநீர்ப்பை வலியையும் பார்க்க வேண்டும். கடுவன் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் அது அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம், மறுநாள் வரை தாங்காது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மனஅழுத்தம். பயமோ குழப்பமோ வந்து, ஓடவும் முடியாமல் சண்டை போடவும் முடியாமல் நிற்கும் பூனை, தெரிந்த ஒரு வேலையைச் செய்து தன்னை ஆற்றிக்கொள்கிறது. நாம் நகம் கடிப்பது மாதிரி. காரணம் போன பிறகும் பழக்கம் நின்றுவிடுவதாயும் இல்லை.

புத்தளக் கரையில் இதற்கு ஒரு பருவகாலம் உண்டு என்பது என் எண்ணம். ஏறக்குறைய மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். படகுகள் கரையேறும், சிலர் தொழிலுக்கு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போவார்கள். வீட்டில் ஆள் மாறும், சாப்பாட்டு நேரம் மாறும், பூனை படுத்த அறையில் வலை குவியும். உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் ஆடித் திருவிழாவும் தலவில அன்னம்மாள் ஆலயத்தின் ஓகஸ்ட் திருவிழாவும் அதே காலத்தில்தான். வெடிச்சத்தம் பூனைக்குப் பக்தியாகக் கேட்காது. எங்கள் வீட்டில் தினமும் விடியலில் மீனோடு வந்து அதற்குப் போடுகிறவன் தம்பி. மே மாதம் அவன் முல்லைத்தீவுக்குப் போனான். ஜூனில் மச்சி கைக்குழந்தையோடு வந்தார். அதே மாதம் பக்கத்து வீட்டுக் கடுவன் எங்கள் குசினி ஜன்னலால் உள்ளே வரத் தொடங்கியது. மூன்றும் சேர்ந்தன, வயிறு மொட்டையானது.

2013இல் சர்வதேச பூனை மருத்துவச் சங்கமும் அமெரிக்கப் பூனை வைத்தியர் சங்கமும் சேர்ந்து பூனையின் சூழல் தேவைகள் பற்றி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. பாதுகாப்பான ஓர் இடம், தனித்தனி இடங்களில் தீனும் தண்ணீரும் கழிப்பிடமும், வேட்டையாடி விளையாட வாய்ப்பு, ஒரே மாதிரி நடந்துகொள்ளும் மனிதர், அதன் மோப்பத்துக்கு மரியாதை என்பவை அதன் சாரம். இதற்குக் கொழும்புக் கடைச் சாமான் எதுவும் தேவையில்லை. அலுமாரிக்கு மேல் பழைய சாரம் விரித்த கடதாசிப் பெட்டி ஒன்று வைத்தோம். குழந்தை எட்டாத உயரம். குசினி ஜன்னலுக்கு வலைக்கம்பி அடித்தோம், கடுவன் வருவது நின்றது. தம்பி போடும் நேரத்துக்கே மச்சி தீன் போட்டார். நைலோன் கயிற்று நுனியில் துணி கட்டி மாலையில் பத்து நிமிடம் இழுத்தோம். தெள்ளுக்கு வைத்தியர் தந்த பூனை மருந்தை மாதம் ஒருமுறை போட்டு, பாய்களை வெந்நீரில் கழுவினோம். அது படுக்கும் துணியை மட்டும் தெள்ளு தீரும்வரைதான் கழுவினோம், பிறகு அடிக்கடி கழுவுவதில்லை. தன் மணம் இருக்கும் துணிதான் அதற்கு வீடு.

நக்கும்போது அதட்டக் கூடாது, அது இன்னொரு பயம். கழுத்தில் கூம்பு மாட்டினால் முடி வளரும். முடி வளர்கிறதா என்று சோதிக்க அது நல்லது, காரணத்தைத் தொடாததால் கழற்றியதும் நக்குதல் திரும்பும். இவ்வளவுக்கும் அடங்காத பூனைகளுக்கு வைத்தியர்கள் ஃப்ளூஒக்செட்டின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளை எழுதுவார்கள். பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகலாம், திடீரென்று நிறுத்தவும் கூடாது. வீட்டில் மிஞ்சிய மனிதக் குளிசையை உடைத்துக் கொடுப்பது அதற்கு மாற்றல்ல. ஊரில் பூனை பார்க்கும் வைத்தியர் கிடைக்காவிட்டால் அரச மிருக வைத்தியர் காரியாலயத்தில் கேட்கலாம். சிக்கலானவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையில் காட்டலாம்.

எங்கள் பூனைக்குப் பஞ்சு போன்ற முதல் முடி வர ஐந்து வாரம் பிடித்தது. வயிறு மூட மூன்று மாதத்துக்கு மேலானது. வலது தொடையில் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடம் இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது.