நம் மாவட்டத்தில் மின்சாரக் கார்

கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும். பொய்த்துவிட்டால் தீப்பெட்டி வேலைதான் பல வீடுகளில் உலை வைக்கும். இத்தகைய வானம் பார்த்த பூமியையுடைய நம் தூத்துக்குடி மாவட்டத்தில் மின்சாரக் கார் தயாராகிறது என்பது வியப்புக்குரியதல்லவா?

அதைத் தயாரிப்பது வியட்நாம் நாட்டின் வின்ஃபாஸ்ட் நிறுவனம். அதன் நிறுவனர் பாம் நியட் வூங் 1968இல் பிறந்தவர். மாஸ்கோவில் படித்தார், உக்ரைன் நாட்டில் நூடுல்ஸ் தயாரித்து விற்றுப் பொருள் ஈட்டினார். பின்னர் தாயகம் திரும்பிப் பல தொழில்களை வளர்த்து, 2017இல் வின்ஃபாஸ்டைத் தொடங்கினார். ஹைபோங் துறைமுக நகரில் ஆலை எழுந்தது. 2018இல் பாரிஸ் கண்காட்சியில் ‘லக்ஸ்’ என்ற சொகுசுக் கார்களை அது அறிமுகப்படுத்தியது. அவை பெட்ரோலில் ஓடியவை. 2021இல் மின்சாரக் காரும் வெளிவந்தது. மறு ஆண்டே பெட்ரோல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது! இத்துணிவுக்கு விலையும் உண்டு. பல ஆண்டுகள் அந்நிறுவனம் பெரும் நட்டத்தையே கண்டது.

மின்சாரக் காரில் எரிபொருளை எரிக்கும் எஞ்சின் இல்லை. லித்தியம் மின்கலங்களில் சேமித்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. வேகத்தைக் குறைக்கும்போது அந்த மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மின்கலத்துக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. காரில் புகை இல்லை. ஆனால் அம்மின்சாரம் நிலக்கரியை எரித்துப் பெற்றதாயின், புகை அனல்மின் நிலையத்தில் எழுகிறது. கயத்தாற்றில் சுழலும் காற்றாலைகளிலிருந்து பெற்றதாயின் அக்குறையும் இல்லை.

ஏற்றுமதிக்குத் துறைமுகம் அருகில் இருப்பது தூத்துக்குடியின் சிறப்பு. இங்குச் சுமார் 400 ஏக்கர் நிலத்தில் 2024 பிப்ரவரி 25 அன்று ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்ட் 4 அன்று ஆலை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் தயாரிக்கும் திறனுடையது. வி.எஃப்.6, வி.எஃப்.7 என்பவை இங்கு உருவாகும் கார்கள்.

தோழியரே! கார் வாங்குவது நம்மில் பலருக்கு எட்டாத கனவாக இருக்கலாம். அதைச் செய்யக் கற்பது எட்டாத கனவன்று. நம் அன்னையர் பலர் தீப்பெட்டி ஒட்டிய காசில்தான் நாம் படிக்கிறோம். ஆலை அருகில் வந்துவிட்டது என்பதாலேயே வேலை நம் வீடு தேடி வராது. இயற்பியலையும் கணிதத்தையும் கண்டு அஞ்சாமல், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்கிலும் பெண்களும் சேர்ந்தால்தான் அந்த வாயில் நமக்கும் திறக்கும். பெற்றோரும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக!